தனத்தின் 67 மணி நேரம்: ஒரு திரில்லர் நாவலைப் பழுதுபார்த்த குறிப்புகள்

என் நாவலின் முதல் பிரதியை அண்ணியிடம் படிக்கக் கொடுத்திருந்தேன். அண்ணி ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். 38 அத்தியாயங்களையும் நாலே ராத்திரியில் படித்துவிட்டு, ஒரே ஒரு பக்கத்தின் ஓரத்தை மடித்துத் திருப்பித் தந்தார்.

“தம்பி, இந்தத் தனம் பிள்ளை ஆறாவதுதானுங்க படிக்குது? அதுக்கு எப்படிக் காலைச் சாப்பாடு கிடைச்சுது?”

வேலை அங்கேதான் தொடங்கியது. ஒரு வரியை மாற்றினால் போதும் என்று உட்கார்ந்தவன், எழுந்திருக்க ஏழு மாதம் ஆனது. அதற்குள் கதையில் மூன்றில் இரண்டு பங்கு மாறிவிட்டது. எது எங்கே உடைந்திருந்தது, எதைச் செய்து பார்த்தேன், எதை வைத்துச் சரிசெய்தேன் என்று அவ்வப்போது நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அதைத்தான் இங்கே தருகிறேன்.

முதலில் கதை. திருப்பூர், 2024. ஒரு காம்பவுண்டுக்குள் எட்டு லைன் வீடுகள். ஐந்தாவது வீட்டில் தனம், வயது 11. தம்பி சூர்யாவுக்கு 7, இரண்டாம் வகுப்பு. கடைசித் தம்பிக்கு 2 வயது, எல்லோருக்கும் அவன் குட்டிதான். அடி தாங்காமல் மூன்று மாதத்துக்கு முன்பு அம்மா போய்விட்டாள். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்க்கிறார், குடிக்கிறார். வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளைகள் குளித்தார்களா என்று அவர் பார்ப்பதே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. சனிக்கிழமை சம்பள நாள். வாரவட்டிக்காரன் வருவான். தம்பிகள் இருவரையும் அவன் கண்ணில் படாமல் தனம் காப்பாற்றியாக வேண்டும்.

முதல் பிரதியில் இது ஒன்பது நாள் கதை. துரத்தல், கத்தி, ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் இருந்தது. ஆனாலும் படிக்கும்போது பயம் வரவில்லை என்று இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். காரணம் எனக்குப் புரியாமலே இருந்தது. அண்ணி மடித்த பக்கம்தான் காட்டிக்கொடுத்தது.

தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். மதியச் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. ஆக, ஒரே பள்ளிக்குள் சூர்யாவுக்குக் காலையில் உப்புமா உண்டு, அவன் அக்காவுக்குக் கிடையாது. நானோ இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட வைத்திருந்தேன்.

அன்று ராத்திரி சார்ட் பேப்பரில் கோடு போட்டேன். வெள்ளிக்கிழமை மதியம் 1 மணிக்குப் பிள்ளைகள் பள்ளியில் முட்டையோடு சாப்பிடுகிறார்கள். அதற்கப்புறம் சனி, ஞாயிறு விடுமுறை. சூர்யாவுக்கு அடுத்த சாப்பாடு திங்கட்கிழமை காலை 8 மணிக்கு. எண்ணிப் பார்த்தால் 67 மணி நேரம். தனத்துக்குத் திங்கட்கிழமை மதியம்தான், 72 மணி நேரம். குட்டிக்குப் பள்ளிக்கூடமே இல்லை.

இந்த மூன்று கோடுகளையும் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேண்டியிருந்த கடிகாரம் இதுதான். ஒன்பது நாள் கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெள்ளி மதியம் முதல் திங்கள் காலை வரை என்று சுருக்கினேன். 38 அத்தியாயம் 22 ஆனது. ரயில்வே ஸ்டேஷன் போய்விட்டது. அத்தியாயத் தலைப்புகளுக்குப் பதிலாக எத்தனை மணி நேரம் மீதி என்று மட்டும் போட்டேன். பசிக்கிற குழந்தைக்கு நேரம் எப்படிப் போகும் என்பதை எழுதத் தொடங்கியதும் துரத்தல் தானாகவே பின்னால் போய்விட்டது.

ஆனால் உடனே அடுத்த ஓட்டை தெரிந்தது. வீட்டில் அரிசி இருக்குமே. எவ்வளவு மோசமான வீட்டிலும் ஒரு படி அரிசி கிடக்கும். அரிசி இருந்தால் 11 வயதுப் பெண் சோறாக்கிவிடுவாள். அப்புறம் என்ன பசி? யோசித்து அரிசியை விட்டுவிட்டேன், எரிவாயுவை எடுத்துவிட்டேன். வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் பலர் வைத்திருப்பது 5 கிலோ சின்ன சிலிண்டர். அது வெள்ளிக்கிழமை ராத்திரி தீர்ந்துபோகிறது. அரிசி இருக்கிறது, அடுப்பு இல்லை. தனம் எதை எரிப்பாள்?

திருப்பூரில் பத்து வருடம் கம்பெனிக் கணக்கு எழுதியவன் நான். பதில் எனக்குத் தெரியும். பனியன் வேஸ்ட். கட்டிங்கில் விழும் துண்டுத் துணி. நூல் சுற்றி வரும் அட்டைக் கோன். சரி, எரித்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் மூன்று செங்கல் வைத்தேன். ஒரு டம்ளர் அரிசி, நாலு டம்ளர் தண்ணீர், பழைய அலுமினியக் குண்டா.

முதல் தடவை துணியை அப்படியே திணித்தேன். எரியவில்லை, புகைந்தது. கண் திறக்க முடியவில்லை. பத்து நிமிடத்தில் கீழ் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டார். இரண்டாவது தடவை துணியை முறுக்கிக் கயிறு போலச் செய்து, கோனை நடுவில் நிற்க வைத்தேன். கோனின் ஓட்டை வழியே காற்று ஏறி நன்றாகப் பிடித்தது. தண்ணீர் கொதிக்க 24 நிமிடம், சோறு வேக மொத்தம் 50 நிமிடம். ஒரு கிலோவுக்கு மேல் வேஸ்ட் போயிற்று. அடுப்பை விட்டு ஒரு நிமிடம்கூட நகர முடியவில்லை. தம்பிகளைப் பார்த்துக்கொண்டு இந்த அடுப்பையும் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை மேஜையில் உட்கார்ந்து நான் கற்பனை செய்திருக்க முடியாது.

இன்னொன்றும் அங்கேதான் கிடைத்தது. துணிகளில் பாதி பாலியெஸ்டர் கலந்தது. அது எரியாமல் உருகிச் சொட்டியது, நாற்றம் தலைமுடியில் ஏறியது. பருத்தி எரிந்தால் காகிதம் எரிந்த வாசம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக இறுகிவிடும். துணி வாங்குகிறவர்கள் ஒரு நூலைப் பிரித்துத் தீக்குச்சியில் காட்டித்தான் இதைக் கண்டுபிடிப்பார்கள். அப்பாவுடன் கம்பெனிக்குப் போய் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இது தெரியாமல் இருக்காது. ஏழாம் அத்தியாயத்தில் தனம் மூட்டையிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து, ஒரு நூலைக் கொளுத்தி, முகர்ந்து, இரண்டு குவியலாகப் பிரிக்கிறாள். சூர்யாவுக்கும் கற்றுத் தருகிறாள். புத்தகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது. முதல் பிரதியில் அவளுக்கு நான் கொடுத்திருந்தது பெரிய மனுஷியின் துணிச்சல். அவளுக்கே உரிய அறிவு இப்போதுதான் கிடைத்தது.

அப்புறம் தூக்குவது. முதல் பிரதியில் தனம் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் ஓடுவாள். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் 2 வயது ஆண் குழந்தையின் நடுத்தர எடை 12.2 கிலோ. என் மகனுக்கும் அப்போது அதே வயது, ஏறக்குறைய அதே எடை. அண்ணன் மகளுக்கு 11 வயது. “தம்பியைத் தூக்கிக்கிட்டு நடக்கிறியா கண்ணு? வலிச்சா உடனே உட்கார்ந்துடணும்” என்று கேட்டேன். அண்ணி பக்கத்திலேயே நின்றார். 60 அடி போனதும் இடுப்பு மாற்றினாள். அப்புறம் 40 அடியில் இன்னொரு தடவை. 150 அடியில், “போதும் சித்தப்பா” என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் நடந்த விதத்தைக் குறித்துக்கொண்டேன். ஒரு பக்கம் முழுசாகச் சாய்ந்து, எதிர்க் கையை வெளியே நீட்டி, குழந்தையின் கால் முட்டியில் இடிக்க இடிக்க நடந்தாள். உட்கார்ந்தபோதும் அவனைக் கீழே இறக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தை அன்றே அடித்துவிட்டேன். இப்போது அந்த இடத்தில் தெருமுனைக் கடை வரை போய் வருவதுதான் ஒரு முழு அத்தியாயம். நான்கு இடத்தில் உட்காருகிறாள். ஓடினதைவிட இதுதான் பதற வைக்கிறது.

வீட்டுக்கு அட்டையில் மாதிரி செய்தேன். ஒரு அடிக்கு 2 சென்டிமீட்டர். பத்துக்குப் பத்து வீடு 20 சென்டிமீட்டர் பெட்டி. ஏழு அடி உயரத்தில் சிலாப். தனத்தை நாலரை அடிக்கு வெட்டி நிறுத்தினேன். முதல் பிரதியில் வட்டிக்காரன் வரும்போது இரண்டு தம்பிகளையும் சிலாப்பில் ஏற்றி ஒளித்துவைப்பாள். பெட்டிக்குள் வைத்துப் பார்த்தபோது, கையை முழுசாகத் தூக்கினாலும் அவளுக்குச் சிலாப் எட்டவே இல்லை. தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்து ஏறினால் எட்டும். டிரம்மில் நல்ல தண்ணி இருக்கிறது. நல்ல தண்ணி சில நாளுக்கு ஒரு முறைதான் வருகிறது. அதைக் கொட்ட அவளுக்கு மனம் வராது.

மாற்றாக, ஒரு குழந்தைக்குத் தோன்றுகிற வழியை யோசித்தேன். பூட்டியிருக்கிற வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள். தம்பிகளை உள்ளே விட்டு, வெளியே பூட்டுப் போட்டுவிட்டு, சாவியைப் பாவாடை நாடாவில் முடிந்துகொண்டு, வாசலில் தனியாகக் கல் விளையாடுகிறாள். வட்டிக்காரன் கேட்டால், “அப்பா தம்பிங்களைக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிட்டாரு.” உள்ளே அடுப்பில் வேஸ்ட் அணைந்துவிட்டதா என்று அவளுக்கு உறுதியில்லை. இந்தக் காட்சியை எழுதி முடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து போய் என் மகனைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

வட்டிக்காரனின் கத்தியை எடுத்துவிட்டேன். அவனுக்கு அது தேவையில்லை. திண்ணையில் உட்கார்ந்து சின்ன நோட்டைப் பிரித்து, நாக்கில் விரலைத் தொட்டுப் பக்கம் புரட்டுகிறான். இன்னொரு நாள் குட்டி வெளியே இருக்கும்போது, “அவனைக் கொடு கண்ணு, நான் கொஞ்ச நேரம் வெச்சிருக்கறேன்” என்று கை நீட்டுகிறான். அவ்வளவுதான்.

பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து இருமல் வெளியே கேட்குமா என்று தெரிய வேண்டியிருந்தது. பழைய நண்பர் ஒருவர் இன்னும் லைன் வீட்டில்தான் இருக்கிறார். அங்கே போனேன். சிமெண்ட் சீட் கூரை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் சுவர் ஏழு அடியோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் சீட் வரை இடைவெளி. அவர் வீட்டில் போனில் குழந்தை அழும் சத்தத்தை வைத்துவிட்டு ஒவ்வொரு வீடாகப் போய் நின்றேன். பக்கத்து வீட்டில் மடியில் அழுகிற மாதிரி கேட்டது. நாலாவது வீட்டிலும் கேட்டது.

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய உடைசல். என் கதை முழுக்க ஒரு ரகசியத்தின் மேல் நின்றது: மூன்று பிள்ளைகள் தனியாக இருப்பது யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் அப்படி ஒரு ரகசியம் இருக்கவே முடியாது. அடியும், மூன்று மாத அழுகையும், வெள்ளிக்கிழமை ராத்திரி சிலிண்டரை ஆட்டிப் பார்த்த சத்தமும் ஏழு வீட்டுக்கும் கேட்டிருக்கிறது.

அப்படியானால் அந்த ஏழு வீட்டுக்காரர்களும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

ஒரு மாதம் எழுதாமல் இருந்தேன். இந்தக் கேள்விக்கு எளிய பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டரைக்கு வருகிறவர்கள். அவர்களும் அதே வட்டிக்காரனிடம் வாங்கியிருக்கிறார்கள். கேட்டால் சண்டை வரும், வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்வார். ஆறாவது வீட்டு அக்காவை அப்போதுதான் எழுதினேன். செக்கிங் வேலை பார்க்கிறவர். குட்டி அழும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். முதலில் தனத்துக்கு அது கோபம். சனிக்கிழமை நள்ளிரவு, டிவி சத்தம் கூடும்போது வட்டிக்காரனுக்கும் குட்டியின் அழுகை கேட்காது என்று கண்டுபிடிக்கிறாள். அதற்கப்புறம் அந்த அக்கா தெரிந்து கூட்டுகிறாரா, தெரியாமலா என்பது கதையின் முடிச்சாகிவிட்டது. என் பதிலைப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன். வாசகர் அவரை மன்னித்துவிடும்படி மட்டும் எழுதவில்லை.

இன்னொரு ஓட்டை போன். முதல் பிரதியில் அம்மா விட்டுப்போன போன் ஒன்று வீட்டில் இருக்கும், பேலன்ஸ் இருக்காது, அதனால் யாரையும் கூப்பிட முடியாது என்று சமாளித்திருந்தேன். குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்குப் பேலன்ஸ் தேவையில்லை. கட்டணமில்லாத எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். 1996இல் மும்பையில் தொடங்கிய சேவை இன்று நாடு முழுக்க இருக்கிறது. தனத்தின் பள்ளிச் சுவரில் அந்த எண் எழுதியிருக்கிறது. பிறகு ஏன் அவள் கூப்பிடவில்லை?

போனை எடுத்துவிடுவது சுலபம். ஆனால் அது ஏமாற்று வேலை என்று பட்டது. போன் இருக்கட்டும், எண்ணும் தெரியட்டும் என்று வைத்து எழுதினேன். சனிக்கிழமை மாலை எண்ணை அழுத்துகிறாள். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், “சொல்லும்மா” என்கிறது. தனம் வைத்துவிடுகிறாள். போன வருடம் இரண்டாவது வீட்டுப் பெண்ணை ஓர் இல்லத்திலும் அவள் தம்பியை வேறோர் இல்லத்திலும் சேர்த்தார்கள். பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனி இல்லங்கள் என்பது உண்மைதான். அவள் பயம் காரணமில்லாத பயம் அல்ல. மூன்று பேரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக மூன்று பேரையும் பட்டினியில் வைக்கிறாள். அவளுடைய இந்தத் தவறான முடிவுதான் கதையின் முதுகெலும்பு. குழந்தைகள் இதைப் படிக்கக்கூடும். கூப்பிட்டால் பிரித்துவிடுவார்கள் என்ற பயத்தை அவர்கள் மனதில் விதைத்துவிட்டுப் போக நான் தயாரில்லை. அதனால் இரண்டாவது அழைப்பு ஒன்றையும் எழுதினேன். அதில் சூர்யா பேசுகிறான், வைக்கவில்லை.

முடிவுக்காக இளைஞர் நீதிச் சட்டம், 2015ஐ முழுசாகப் படித்தேன். பழைய முடிவில் ஒரு போலீஸ் அதிகாரி மூவரையும் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்விடுவார், மறுநாள் பத்திரிகையில் தனத்தின் படம் வரும். இரண்டும் நடக்க முடியாதவை. மீட்கப்பட்ட குழந்தையை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். தலைவர் ஒருவர், உறுப்பினர் நாலு பேர், அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். குழந்தையின் பெயரையோ படத்தையோ வெளியிடுவதைச் சட்டத்தின் 74ஆவது பிரிவு தடுக்கிறது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. தனத்துக்கு அது தெரியாது, குழுவில் இருக்கிற அம்மாவுக்குத் தெரியும். கடைசிக்கு முந்தின அத்தியாயம் அந்த மேஜையைச் சுற்றி நடக்கிறது.

75ஆவது பிரிவு என் மனதை வேறு விதமாக மாற்றியது. பொறுப்பில் இருக்கும் குழந்தையைத் திட்டமிட்டுக் கைவிட்டால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். ஆனால் பெற்றவர்களின் கையை மீறிய சூழ்நிலையால் கைவிட நேர்ந்தால் அதற்கு இந்தத் தண்டனை பொருந்தாது என்று அதிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. அடி தாங்காமல் போன அம்மாவை நான் ஓடிப்போனவளாகவே எழுதியிருந்தேன். சட்டம் எழுதினவர்களுக்கு இருந்த கருணை எனக்கு இல்லாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது. அம்மாவின் அத்தியாயத்தைப் புதிதாக எழுதினேன்.

மொழி வேலை கடைசியில். தனம் யோசிப்பதாக வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுப் படித்தேன். “தம்பிகளின் உயிர் தன் கையில் இருப்பதை அவள் உணர்ந்தாள்” என்று ஓரிடத்தில் இருந்தது. எந்த 11 வயதுப் பிள்ளையும் இப்படி உணராது. இப்போது அந்த இடத்தில் இருப்பது: “பாக்கெட்டுல ஆறு பிஸ்கட் இருந்துச்சு. குட்டிக்கு ரெண்டு. சூர்யாவுக்கு மூணு. அவன் எண்ணத் தெரிஞ்சவன், ரெண்டு குடுத்தா கேப்பான்.” உயிர், பொறுப்பு, தியாகம் என்கிற சொற்களைத் தேடித் தேடி அடித்தேன். 41 இடத்தில் இருந்தன. அவளை யாரும் பாராட்டுகிற வசனமும் இப்போது புத்தகத்தில் இல்லை. சின்ன வயதிலேயே தாயாகிவிட்ட பிள்ளையை, “எவ்வளவு பொறுப்பு பாருங்க” என்று மெச்சி மெச்சியே நாம் அப்படியே விட்டுவிடுகிறோம். அதை என் புத்தகமும் செய்யக் கூடாது.

இரண்டாவது பிரதியை மறுபடி அண்ணியிடம் கொடுத்தேன். இந்தத் தடவை மூன்று ராத்திரி. திருப்பித் தரும்போது மறுபடியும் ஒரு பக்கம் மடிந்திருந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக் காட்சி. சூர்யா வரிசையில் உட்கார்ந்து உப்புமா சாப்பிடுகிறான். தனம் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்று பார்க்கிறாள். மதிய மணி வரை அவள் நிற்பதாக எழுதியிருந்தேன்.

“நீங்கதானுங்க அண்ணி சொன்னீங்க, ஆறாவதுக்குக் கிடையாதுன்னு” என்றேன்.

“கணக்குல கிடையாதுங்க தம்பி. கைக்குழந்தையோட ஒரு பிள்ளை நின்னு பார்த்துக்கிட்டு இருந்தா, கரண்டி கையில இருக்கறவங்க சும்மா இருப்பாங்களா? பரிமாற வர்ற அக்காங்க யாரா இருந்தாலும் கூப்பிட்டுப் போட்டிருப்பாங்க.”

72ஐ அடித்தேன். மூன்று பேருக்கும் 67தான். திருத்திய காட்சியில் பரிமாறுகிற அக்கா கூப்பிடுகிறார். தனம் குனியும்போது அவள் தலைமுடியில் துணி கருகின வாசம் அவருக்கு அடிக்கிறது. கரண்டி ஒரு நொடி நிற்கிறது. “தட்டு எங்க சாமி?” என்று மட்டும் கேட்கிறார். மதியச் சாப்பாட்டுத் தட்டு தனத்தின் பைக்குள் இருக்கிறது. குட்டியை இடுப்பிலிருந்து இறக்காமல் ஒரு கையால் பையைத் திறந்து அதை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆகிறது. அந்த அக்கா காத்திருக்கிறார்.